பொன்னியின் செல்வன்: படத்துக்குள் வராத புயல்

தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவன் என்னிடம் கேட்டது இது: “அண்ணே, பொன்னியின் செல்வன் ரெண்டு பார்ட்டும் பார்த்துட்டேன். செமயா இருந்துச்சு. ஆனா புக்கு படிச்சவங்க எல்லாம் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிறாங்க. அப்படி இன்னா மிஸ் ஆயிட்ச்சு? கதைதான் தெரிஞ்சுபோச்சே, இனிமே அந்த அஞ்சு பாகத்தையும் படிக்கணுமா?” டீக்கடையில் நின்றபடி சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை என்பதால் எழுதியே தருகிறேன்.

படி, தம்பி. உனக்குத் தெரிந்திருப்பது மணிரத்னம் சொன்ன கதை. கல்கி சொன்ன கதையில் கொலை செய்தது யார் என்பதே கடைசிவரை குழப்பம். முடிசூடுகிறவன் வேறு ஆள். கதையைத் தோளில் சுமக்கிறவனும் வேறு ஆள். அந்த முடிசூட்டு ரகசியத்தைக் கொஞ்சம் தள்ளி ஓர் இடத்தில் உடைக்கப்போகிறேன். அங்கே வரும்போது சொல்கிறேன், வேண்டாம் என்றால் தாண்டிப் போய்விடு.

முதலில் ஒரு கணக்கு. நாவலில் மொத்தம் 293 அத்தியாயங்கள். புது வெள்ளத்தில் 57, சுழற்காற்றில் 53, கொலை வாளில் 46, மணிமகுடத்தில் 46, கடைசியாகத் தியாக சிகரத்தில் 91. 2022 செப்டம்பரில் வந்த முதல் படம் கப்பல் முழுகுவதோடு முடிகிறதல்லவா? நாவலில் அது ஏறக்குறைய இரண்டாம் பாகத்தின் கடைசி. ஆக, 110 அத்தியாயத்துக்கு இரண்டே முக்கால் மணி நேரம் கிடைத்தது. 2023 ஏப்ரலில் வந்த இரண்டாவது படத்துக்கு மிச்சமிருந்தது 183 அத்தியாயம். நேரம் அதே இரண்டே முக்கால் மணிதான். முதல் படம் நாவலை ஒட்டியே நடந்ததும், இரண்டாவது படம் பாதியில் கையை உதறிக்கொண்டு தன் வழியில் போனதும் இதனால்தான். வாசகர்களின் கோபமும் பெரும்பாலும் இரண்டாவது படத்தின் மீதுதான் என்பதைக் கவனித்திருப்பாய்.

கல்கி இதை ஒரே மூச்சில் எழுதிய புத்தகமாக நினைத்துக்கொண்டு படிக்காதே. 1950 அக்டோபர் கடைசியில் கல்கி வார இதழில் தொடங்கி 1954 மே மாதம் வரை வாராவாரம் வந்த தொடர்கதை இது. ஆடிப்பெருக்கில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் முடிந்துவிடுகிற ஒரு கதையைச் சொல்ல அவர் மூன்றரை வருஷம் எடுத்துக்கொண்டார். வாரத்துக்கு வாரம் வாசகனைப் பிடித்து நிறுத்தவேண்டும். அதற்கு அவர் நம்பியது வாள் சண்டையை இல்லை, வம்பை. யார் யாரோடு பேசினார்கள், மூடுபல்லக்குக்குள் யார், அந்த ஓலையில் என்ன எழுதியிருந்தது, மதில்மேல் தெரிந்த தலை யாருடையது, சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தவன் எவ்வளவு கேட்டான். நாவலில் மனிதர்கள் ஒட்டுக்கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாதி கேட்கிறார்கள், கேட்டதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், அந்தத் தப்பை நம்பிக் குதிரையேறிப் போகிறார்கள். நம்ம தெருவில் குழாயடியில் ஒரு சேதி புறப்பட்டு முக்குக்குப் போவதற்குள் என்னவாகிறதோ, சோழநாட்டு அரசியலைக் கல்கி அப்படித்தான் ஓடவிடுகிறார்.

சினிமாவில் இதைச் செய்வது கஷ்டம். ஒருவன் தூணுக்குப் பின்னால் நிற்பதை ஒருமுறை காட்டலாம், இரண்டுமுறை காட்டலாம். முப்பதுமுறை காட்டினால் தியேட்டரில் சிரிப்பார்கள். அதனால் மணிரத்னம் வம்பை எடுத்துவிட்டு முகங்களை வைத்தார். படம் ஒரு காதலின் சேதாரத்தைப் பற்றியது. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனும் நந்தினியும் சின்ன வயதில் எப்படி இருந்தார்கள் என்று காட்டித்தான் இரண்டாவது படமே தொடங்குகிறது. கடம்பூர் மாளிகையில் அவர்கள் இருவரும் கடைசியாகச் சந்திப்பதை நோக்கித்தான் அதன் பாதைகள் எல்லாம் போகின்றன. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சில இடங்களில் படம் நாவலைவிட மேல் என்றே நினைக்கிறேன், அதை முதலில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கரிகாலன் நாவலில் ரொம்ப நேரம் ஒரு பெயராகவே இருப்பான். ஆள் வந்ததும் மாமல்லபுரத்தில் உட்கார்ந்து நண்பன் பார்த்திபேந்திரனிடம் பழைய கதையைச் சொல்லிப் புலம்புவான். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனாலும் அது புலம்பல்தான். விக்ரமுக்குப் போர்க்களத்திலேயே அறிமுகம் கொடுத்து, ஜெயித்த ராத்திரியில் குடித்துவிட்டு அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்து வெடிக்கவைத்தது படத்தின் சாமர்த்தியம். அதற்கப்புறம் அவன் எங்கே போனாலும் சாவை நோக்கித்தான் போகிறான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. சிற்றரசர்கள் கூடிச் சதி பேசுகிற கூட்டத்துக்குள் கரிகாலனின் தங்கை குந்தவை நேராக நுழைந்து, திருமணப் பேச்சை எடுத்துவிட்டு அவர்களுக்குள்ளேயே முட்டவைக்கும் காட்சி நாவலில் கிடையாது. கல்கி பார்த்திருந்தால் ‘நாம் எழுதாமல் விட்டோமே’ என்று நினைத்திருப்பார். த்ரிஷா அந்த இடத்தில் குரலை உயர்த்தவே இல்லை. அதேபோல ஐஸ்வர்யா ராயையே நந்தினியாகவும் ஊமை ராணியாகவும் போட்டது. நாவலில் பத்திப் பத்தியாக ‘அதே முகம், அதே முகம்’ என்று சொல்லவேண்டியதைப் படம் ஒரு நொடியில் முடித்துவிடுகிறது.

சரி, இனி போனவை.

நாவலின் கதாநாயகன் வந்தியத்தேவன். பட்டத்து இளவரசன் இல்லை, நாடில்லாத பழைய குலத்தில் வந்தவன், கையில் ஓலையும் இடுப்பில் கத்தியும் மட்டும் இருக்கிற தூதுவன். பொய் சொல்வான், மாட்டிக்கொள்வான், அந்தப் பொய்யை மறைக்க இன்னொன்று சொல்வான். வாய் நீளம். பசி அதிகம். கார்த்தி இவனை அப்படியே பிடித்துவிட்டார், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் முதல் படத்தில் கதையை ஓட்டிக்கொண்டு போனவன் இரண்டாவது படத்தில் பெரியவர்களின் சோகத்துக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவனாகிவிடுகிறான். நாவலில் ராஜாக்களின் பெரிய விவகாரங்களை ஒரு சாதாரணப் பயலின் கண்ணால்தான் பார்க்கிறோம். அவனுக்குத் தெரியாதது பல இடங்களில் நமக்கும் தெரியாது. படத்தில் நமக்கு எல்லாம் தெரியும்.

இதனால் அதிகம் அடிபட்டது அந்தக் கொலை. படத்தில் கரிகாலன் சாகும்போது அறையில் என்ன நடந்தது என்று பார்க்கிறோம். கத்தி அவள் கையில் இருக்கிறது, அவன் அதைத் தேடித்தான் வந்திருக்கிறான். காட்சியாக அது பெரிய காட்சி. நாவலில் அந்த அறையில் வெளிச்சம் போய்விடுகிறது. உள்ளே நந்தினி இருக்கிறாள், சதிகாரர்கள் இருக்கிறார்கள், ஒளிந்திருக்கும் வந்தியத்தேவன் இருக்கிறான், கடம்பூர்ப் பெண் மணிமேகலை இருக்கிறாள், வேஷம் போட்ட இன்னொருவரும் இருக்கிறார். விளக்கு வரும்போது இளவரசன் பிணமாகக் கிடக்கிறான். பழி வந்தியத்தேவன்மேல் விழுந்து அவன் பாதாளச் சிறைக்குப் போகிறான். அப்புறம் நடப்பதுதான் அழகு. ஒருவருக்கு மேற்பட்டவர்கள் வந்து ‘நான்தான் கொன்றேன்’ என்கிறார்கள். எல்லாரும் யாரோ ஒருவரைக் காப்பாற்றச் சொல்கிறார்கள். எது நிஜம் என்று கல்கி கையில் அடித்துச் சொல்வதில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. ராஜராஜன் (நாவலில் கரிகாலனின் தம்பி அருள்மொழி) காலத்தில், அவன் பட்டத்துக்கு வந்த இரண்டாவது ஆண்டில் வெட்டப்பட்டது. பாண்டியன் தலைகொண்ட கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சிலரின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய உறவுக்காரர்களின் சொத்தைக்கூடப் பறிமுதல் செய்த விவரம் அதில் இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று வரும் அந்தப் பெயர்களைத்தான் கல்கி எடுத்துச் சதிகாரக் கூட்டமாக்கினார். படத்தில் கிஷோர் நடித்த ரவிதாசன் கல்லில் இருக்கிற ஆள். ஆனால் ஏன் கொன்றார்கள், பின்னால் வேறு யாராவது இருந்தார்களா, தண்டனைக்கு ஏன் இத்தனை வருஷம் ஆனது என்பதற்குக் கல்லில் பதில் கிடையாது. சரித்திரம் விட்ட அந்த ஓட்டையை அடைக்காமல், அதைச் சுற்றியே கல்கி ஒரு கதை கட்டினார். நாவலின் முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற வீரநாராயண ஏரிக்கரை, அதாவது இப்போதைய வீராணம், இந்தக் கோயிலுக்குப் பக்கத்தில்தான். கொலைக்கான சாட்சி இருக்கிற ஊரில் கதையைத் தொடங்கியிருக்கிறார் மனுஷன். (2004-லிருந்து அந்த ஏரித் தண்ணீர் குழாயில் சென்னைக்கு வருகிறது.)

இப்போது புயலுக்கு வருகிறேன். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகப் பேச அனுமதி வேண்டும்.

முதல் படத்தின் கடைசியில் ஒரு கடல் புயல் வருகிறது. மழையும் மின்னலுமாக நன்றாகவே எடுத்திருந்தார்கள். அதை எஸ்2 தியேட்டரில் பார்த்தபோது நாற்காலியே ஆடிய மாதிரி இருந்தது. நாவலிலும் அது உண்டு. உடைந்த பாய்மரத் துண்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் ராத்திரியில் மிதப்பார்கள், பூங்குழலி படகில் தேடி வருவாள். காசிமேட்டில் பிறந்த யாருக்கும் அந்த அத்தியாயத்தை விளக்கவேண்டியதில்லை.

ஆனால் நாவலில் இரண்டாவதாக ஒரு புயல் இருக்கிறது. ஐந்தாம் பாகத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும். ‘கடல் பொங்கியது’, ‘நந்தி முழுகியது’ என்று தலைப்பே அப்படித்தான். நாகப்பட்டினத்தில் கடல் ஊருக்குள் வருகிறது. அருள்மொழி காய்ச்சல் தெளிந்து தங்கியிருக்கும் சூடாமணி விகாரம் தண்ணீருக்குள் போகிறது. தலைமைப் பிக்ஷு புத்தர் சிலையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே முழுகிவிட முடிவு செய்ய, இளவரசன் உள்ளே முங்கி அவரைப் பிடுங்கிக்கொண்டு வருகிறான். 2004 டிசம்பருக்கு அப்புறம் அந்தப் பக்கங்களை நம்ம கடலோரத்தில் யாரும் வெறும் கற்பனையாகப் படிக்க முடியாது. நாகப்பட்டினம் என்ற பெயர் வேறு.

அதே புயல் உள்நாட்டுக்குப் போகிறது. கொள்ளிடத்தில் படகு கவிழ்ந்து சிற்றரசர் பெரிய பழுவேட்டரையர் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போகிறார். அருள்மொழியை விரும்பும் வானதி ஒரு வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்தபடி மிதந்து போகிறாள். குடந்தை சோதிடரின் வீடு காணாமல் போகிறது. ஊரார் தலைவிதியையெல்லாம் சொன்னவருக்குத் தன் வீடு போகப்போவது தெரியவில்லை என்ற கிண்டலைக் கல்கி விடவில்லை. கதையில் அதுவரை தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்த ஆட்களையெல்லாம் இந்தத் தண்ணீர் வாரி எடுத்து வேறு வேறு இடத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது. அப்படித்தான் பழுவேட்டரையர் ஒரு பாழடைந்த துர்க்கை கோயில் பக்கம் கரை ஒதுங்கி, ரவிதாசன் கூட்டம் பேசுவதைக் கேட்கிறார். தன் மனைவி நந்தினி யார், தன்னை எதற்குப் பயன்படுத்தினாள் என்பது அந்தக் கிழவருக்கு அப்போதுதான் தெரிகிறது.

இருபத்துநான்கு போர், அறுபத்துநான்கு விழுப்புண் என்று முதல் பாகத்தில் கல்கி அவரை அறிமுகப்படுத்துவார். அப்போது நமக்கு அவர் வயசான காலத்தில் இளம்பெண்ணைக் கட்டிக்கொண்ட வில்லன். ஐந்தாம் பாகத்தில் சேற்றில் புரண்டு, எலும்பு நொறுங்கி, பேச ஆளில்லாமல் கடம்பூரை நோக்கித் தனியாக நடக்கிறபோது நாவலிலேயே உயரமான மனிதர் அவர்தான். பிறகு அரசவையில் வந்து பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு உயிரை விடுகிறார். சரத்குமார் படத்தில் கம்பீரமாகவே இருந்தார், பார்வையிலேயே நிறைய செய்தார். ஆனால் அந்த நடைக்குப் படத்தில் நேரமில்லை. புயலை எடுத்துவிட்டால் பழுவேட்டரையரும் பாதி போய்விடுகிறார். புத்தகக்காரர்கள் ஏன் மூஞ்சியைத் தூக்குகிறார்கள் என்று கேட்டாயே, என்னைப் பொறுத்தவரை பெரிய காரணம் இதுதான். மற்ற குறைகள் எல்லாம் எனக்கு இதற்கு அப்புறம்தான்.

அடுத்த பத்தியில் ரகசியம். தெரியவேண்டாம் என்றால் தாண்டு.

படத்தில் அருள்மொழி தன் சித்தப்பா மதுராந்தகனுக்கு, அதாவது ரகுமானுக்கு, முடியை விட்டுக்கொடுக்கிறான். நாவலிலும் மதுராந்தகனுக்குத்தான் விட்டுக்கொடுக்கிறான். ஆனால் அந்த மதுராந்தகன் வேறு. இத்தனை நாளாக இளவரசனாக வளர்ந்தவன் பெரிய ராணி செம்பியன் மாதேவியின் பிள்ளையே இல்லை. பிறந்தபோதே மாறிப்போன உண்மையான பிள்ளை, தஞ்சாவூரில் பூத்தொடுத்துக் கோயிலுக்குக் கொடுத்துக்கொண்டு, தேவாரம் பாடிக்கொண்டு, வாய்பேசாத ஒரு அம்மாவிடம் வளர்ந்த சேந்தன் அமுதன். படத்தில் அஸ்வின் காகுமானு நடித்தாரே, வந்தியத்தேவனுக்கு உதவி செய்கிற அந்தப் பையன். சோழ சிம்மாசனம் அவனுக்குப் போகிறது. அவனைக் கட்டிக்கொள்பவள் யார் தெரியுமா? பூங்குழலி. கோடிக்கரையில் படகு ஓட்டிக்கொண்டு, நள்ளிரவில் சதுப்பு நிலத்தில் எரிகிற கொள்ளிவாய்ப் பேய்களைக் காட்டி ‘இவர்கள்தான் என் காதலர்கள்’ என்று வந்தியத்தேவனை மிரட்டியவள் சோழநாட்டு ராணியாகிறாள். ‘சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்டுத்தானே இளவரசர்மேல் காதல்’ என்று வானதியைச் சீண்டி, ‘நான் ஒருநாளும் சிம்மாசனத்தில் உட்காரமாட்டேன்’ என்று சபதம் போடவைத்தவளும் இவள்தான். இத்தனை நீளமாக நூல் நூற்று, கடைசியில் கல்கி போடுகிற முடிச்சு அது. படத்தில் ஐஸ்வர்யா லட்சுமி அழகாக வந்தார், அலைகடல் பாட்டு நெஞ்சைப் பிடித்தது, அப்புறம் அவர் எங்கே போனார் என்று தேடவேண்டியிருந்தது.

ரகசியம் முடிந்தது.

மணிமேகலையைப் படத்தில் சேர்க்கவே இல்லை. வந்தியத்தேவனின் நண்பன் கந்தமாறனின் தங்கை, வந்தியத்தேவனை ஒருதலையாக விரும்பியவள். நாவல் அவளோடுதான் முடிகிறது. அவளை எடுத்தது நியாயமா என்று கேட்டால், எனக்குக் கோபம் இல்லை. ஏற்கெனவே படத்தில் இத்தனை பெண்கள், இத்தனை காதல். அவளையும் உள்ளே இழுத்துப் பத்து நிமிஷம் கொடுத்திருந்தால் அவளுக்கே அநியாயமாகப் போயிருக்கும். ஆழ்வார்க்கடியான் விஷயத்தில்தான் எனக்கு வருத்தம். ஜெயராம் அருமையாகப் பொருந்தினார், ஆனால் கையில் தடியோடு சைவரைக் கண்டால் வம்புக்கு நிற்கிற அந்த வீர வைஷ்ணவனின் வாதங்கள் படத்தில் ஊறுகாய் அளவுக்குத்தான். நாவலில் அவன் வாயைத் திறந்தால் ஒரு அத்தியாயம் போய்விடும். அந்த அத்தியாயம் வீண் என்றும் தோன்றாது.

எல்லாரும் திட்டுகிற ஒரு விஷயத்தில் மட்டும் நான் படத்தின் பக்கம். இரண்டாவது படத்தின் கடைசியில் ராஷ்டிரகூடர்களோடு ஒரு சண்டை வருகிறதே, ‘அது நாவலில் இல்லை, சும்மா சினிமாவுக்காகச் சேர்த்தது’ என்கிறார்கள். நாவலில் இல்லைதான். ஆனால் ராஷ்டிரகூடர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் இல்லை. 949-இல் அரக்கோணம் பக்கம் தக்கோலத்தில் ராஜாதித்த சோழனை யானைமேல் வைத்தே கொன்றுவிட்டு, தொண்டை மண்டலத்தைப் பல வருஷம் கையில் வைத்திருந்தவர்கள். நம்பாவிட்டால் பஸ் பிடித்துத் திருவொற்றியூருக்குப் போ. தியாகராஜர் கோயிலில் ‘கன்னரதேவன்’ என்ற பெயரில் கல்வெட்டுகள் உண்டு. அந்தக் கன்னரன்தான் மூன்றாம் கிருஷ்ணன், தக்கோலத்தில் ஜெயித்த ராஷ்டிரகூட ராஜா. கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்று பட்டம் போட்டுக்கொண்டவன். நீயும் நானும் இருக்கிற மண் அப்போது சோழநாடு இல்லை, அவன் கையில் இருந்தது.

அந்தக் கோயில் சம்பந்தமாக இன்னொரு ஆளையும் சொல்லவேண்டும். சதுரானன பண்டிதர். கேரளத்திலிருந்து வந்து ராஜாதித்தனுக்கு நெருக்கமானவராக இருந்தவர். தக்கோலத்தில் தன் தலைவனோடு சேர்ந்து சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்று மனம் வெறுத்துத் துறவியாகி, திருவொற்றியூர் மடத்துக்கு வந்து சேர்ந்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. வாளை வைத்துவிட்டுக் காவி கட்டிய ஒரு போர்வீரன், அதுவும் எதிரி ராஜாவின் ஆட்சியில் இருக்கிற ஊரில்! இதைக் கேட்டதும் கல்கி ஒரு பாகமே எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றும். நாவலில் அந்த வீராண ஏரியை வெட்டியது சண்டைக்காகக் காத்திருந்த ராஜாதித்தனின் படைவீரர்கள் என்று வருகிறது. கதையின் முதல் பக்கத்து ஏரிக்கும் நம்ம ஊர்க் கோயிலுக்கும் நடுவில் அந்த ஒரு தோல்வி இருக்கிறது.

ஆக, போர் சரித்திரத்துக்குப் புறம்பானது இல்லை. ஆனாலும் கதைக்கு அது பொருந்தவில்லை என்று சொல்கிறவர்களை நான் மறுக்கமாட்டேன். கல்கியின் கதையில் எதிரி வெளியே இல்லை, வீட்டுக்குள் இருக்கிறான். சோழர்களுக்குள்ளேயே யார் யாரை நம்புவது என்பதுதான் பிரச்சினை. அதைத் தீர்க்க வெளிநாட்டுப் படை ஒன்று வந்து நின்றால் எல்லாரும் சண்டையை மறந்து ஒன்றாகிவிடுகிறார்கள். அது வசதியான முடிவு. நாவலில் அந்த வசதி யாருக்கும் கிடைக்கவில்லை.

ஒளிப்பதிவு, பின்னணி இசை, ஒலி வடிவமைப்பு மூன்றுக்கும் முதல் படம் தேசிய விருது வாங்கியது, மூன்றும் தகும். தஞ்சைக் கோட்டை வடக்கத்திக் கோட்டை மாதிரி இருக்கிறது என்ற குறையும் சரிதான், ஓர்ச்சா, குவாலியர் பக்கமெல்லாம் எடுத்தார்கள். ஆனால் வேறென்ன செய்வது? சோழர் அரண்மனை ஒன்றுகூட முழுசாக மிஞ்சவில்லை. கங்கைகொண்டசோழபுரத்து மாளிகைமேட்டில் தோண்டி எடுத்தது செங்கல் அடித்தளம் மட்டும்தான். அதனால்தான் கல்கிக்கு ஓவியர் மணியம் போட்ட படங்கள் இத்தனை வருஷமாக வாசகர் மனசில் நிற்கின்றன. குந்தவையின் கொண்டையை நாங்கள் பார்த்தது அங்கேதான், திரையில் அதே கொண்டை இல்லையே என்றால் ஒரு சின்ன ஏமாற்றம். வசனம் ஜெயமோகன், வீராவேசமாக இல்லாமல் சாதாரணமாகப் பேசவைத்தார், எனக்குப் பிடித்தது. எங்கள் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர்களுக்கு இந்தக் கதை என்றாலே வாத்தியார்தான். 1950-களின் கடைசியில் எம்.ஜி.ஆர். உரிமை வாங்கி எடுக்க நினைத்து நடக்காமல் போனதை வண்ணாரப்பேட்டையில் நேற்று நடந்த மாதிரிப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர் வந்தியத்தேவனாக வந்திருந்தால் ஓலையைத் தொலைத்திருக்கவே மாட்டார் என்பது என் தனிப்பட்ட சந்தேகம்.

படிக்க எப்படி ஆரம்பிப்பது என்று நீ கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை, அதனால் பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன, விலையும் கட்டுப்படியாகும். மணியம் ஓவியங்கள் உள்ள பதிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. காசு போடவேண்டாம் என்றால் மதுரைத் திட்டத்தின் மின்னூல் இலவசம், போனிலேயே படிக்கலாம். தமிழ் கடினமாக இருக்குமோ என்று பயப்படாதே, வாரப் பத்திரிகைக்கு எழுதிய தமிழ் அது, தினத்தந்தி படிக்கத் தெரிந்தால் போதும். வழியில் அப்பர், சம்பந்தர், பழைய சோழ ராஜாக்களின் வரலாறு என்று கல்கி வண்டியை ஓரங்கட்டி நிறுத்துவார். முதல்முறை படிக்கும்போது அவற்றைப் புரட்டிவிட்டுப் போனால் குற்றமில்லை. மூன்றாம் பாகத்தில் நடை கொஞ்சம் தளரும், அங்கேதான் நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதே, நான்காம் பாகத்தில் கடம்பூருக்குள் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டால் அப்புறம் தூக்கம் வராது. முகங்கள் ஏற்கெனவே உன் மனசில் இருப்பது உனக்கு லாபம்; நாங்கள் முதல்முறை படித்தபோது பெரிய பழுவேட்டரையர் யார், சின்னவர் யார் என்றே திணறினோம்.

ஐந்தாம் பாகத்துக்குப் பின்னால் கல்கி எழுதிய முடிவுரை ஒன்று இருக்கும். கதையைச் சட்டென்று முடித்துவிட்டீர்களே, இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று அப்போதே வாசகர்கள் அவரைப் பிடித்துக் கேட்டிருக்கிறார்கள். அதற்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொல்லியிருப்பார். புத்தகக்காரர்கள் குறை சொல்வது படத்தோடு தொடங்கியது இல்லை, 1954-லேயே கல்கிக்கே நடந்திருக்கிறது. அந்த முடிவுரையை மட்டும் முன்னாடியே புரட்டிப் பார்த்துவிடாதே, எல்லாரும் என்ன ஆனார்கள் என்பது அதில் வரிசையாக இருக்கிறது.